உதவி: அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி ஸ்டார்ட் ஆகவில்லை

பச்சைப்புல்:
வணக்கம். என்னுடைய புல்வெட்டும் வண்டி மூன்று நாள்களாக ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் இருக்கிறது, பேட்டரியும் புதியது. புல் முழங்கால் அளவுக்கு வளர்ந்துவிட்டதால், தெரிந்தவர்கள் விரைவாக வழி சொல்ல வேண்டுகிறேன்.

திருகாணி:
ஸ்டார்ட் ஆகவில்லை என்ற ஒரு சொல்லை வைத்து எதையும் சொல்ல முடியாது, நண்பரே. சாவியைத் திருப்பும்போது சத்தமே வரவில்லையா, 'டக்' என்று மட்டும் கேட்கிறதா, எஞ்சின் சுழன்றும் பற்றவில்லையா, அல்லது பற்றிய உடனே அணைந்துவிடுகிறதா? எஞ்சினுக்கு எத்தனை சிலிண்டர்?

ஜெட்_ஊசி:
சந்தேகமே வேண்டாம், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர்தான். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் பெட்ரோல் பிசின் போலப் படிந்து, அதில் பெட்ரோல் பாயும் சிறு குழலான ஜெட்டின் துளையை அடைத்துவிடும். அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து, ஜெட்டில் காற்றடித்துப் பாருங்கள்.

பழையகை:
இதே கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. தேடிப் படிக்கும் பொறுமை எவருக்கும் இல்லை. 'புதிய பேட்டரி' என்பது ஓர் அளவீடு அன்று. மல்டிமீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது அது 9.6க்குக் கீழே விழக் கூடாது.

வயர்மணி:
இருக்கையின் அடியில் உள்ள சுவிட்சையும் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டு வயர்களையும் இணைத்துவிட்டால் போதும், தொல்லை தீர்ந்துவிடும்.

திருகாணி:
அதைச் செய்யாதீர்கள். வெட்டும் தகடு சுழலும்போது ஓட்டுபவர் இருக்கையிலிருந்து விழுந்தாலோ எழுந்தாலோ எஞ்சினை நிறுத்துவதற்காகவே அந்தச் சுவிட்ச் வைக்கப்பட்டிருக்கிறது.

வயர்மணி:
சோதித்துப் பார்ப்பதற்காகத்தான் சொன்னேன், அப்படியே ஓட்டச் சொல்லவில்லை.

பழையகை:
'தொல்லை தீர்ந்துவிடும்' என்று எழுதிவிட்டு இப்போது சோதனை என்கிறீர்கள். சோதிக்க வேண்டுமானால் மீட்டரை வைத்துப் பார்க்கலாமே.

பச்சைப்புல்:
மன்னிக்கவும், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றி, சுவரில் முட்டியது போல நின்றுவிடுகிறது. ஒரே சிலிண்டர். பேட்டரி 12.7 காட்டுகிறது.

ஜெட்_ஊசி:
அப்போதும் கார்புரேட்டரை விடமாட்டேன். கிண்ணத்துக்குள் வரும் பெட்ரோலை அடைக்கும் ஃப்ளோட் ஊசி கசிந்து சிலிண்டருக்குள் பெட்ரோல் இறங்கியிருந்தாலும் இப்படித்தான் முட்டி நிற்கும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

பழையகை:
ஓய்வில் 12.7 என்பதால் பயனில்லை, சாவியைத் திருப்பும்போது எவ்வளவு என்பதே கேள்வி. பேட்டரியின் எர்த் வயர் வண்டியின் இரும்புச் சட்டத்தில் இணையும் இடம் துருப்பிடித்திருந்தால் புதிய பேட்டரியும் சோர்ந்துதான் போகும்.

திருகாணி:
இருவர் சொன்னதும் பார்க்க வேண்டியவையே. ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் நான் அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். பழைய டீசல் எஞ்சின்களைக் கையால் சுழற்றும்போது ஒரு லீவரைத் தூக்கி அழுத்தத்தை வெளியேற்றுவார்கள் அல்லவா, அந்த வேலையை இந்த எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்டே செய்கிறது: மெதுவாகச் சுழலும்போது மட்டும் ஒரு வால்வை இம்மியளவு திறந்து வைத்து, செல்ஃப் மோட்டாரின் சுமையைக் குறைக்கிறது. தேய்மானத்தால் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளி, கூடிவிட்டால் அந்த இம்மியளவு தூக்கலும் இடைவெளியிலேயே கரைந்துவிடும். வால்வு திறக்காது, பிஸ்டன் முழு அழுத்தத்தையும் எதிர்த்து ஏற முடியாமல் நின்றுவிடும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வயரைத் துளையிலிருந்து தள்ளி எர்த்தில் இணைத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். அப்போதும் திணறினால் பழையகை சொன்ன மின்சாரப் பக்கம் போங்கள். துளையிலிருந்து பெட்ரோல் பீறிட்டால் கார்புரேட்டர். இரண்டும் இல்லாமல் தடையின்றிச் சுழன்றால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியைத் திறந்து ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடுகளால் இடைவெளியை அளந்து, கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பழையகை:
எர்த் வயரைத் துடைக்காமல் மூடியைத் திறப்பது வீண் வேலை. பார்க்கத்தானே போகிறோம்.

பச்சைப்புல்:
பிளக்கைக் கழற்றியதும் தடையின்றிச் சுழன்றது, பெட்ரோல் வரவில்லை. இரண்டு வால்வுகளிலும் இடைவெளி கையேட்டில் உள்ளதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. சரிசெய்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அனைவருக்கும் நன்றி, புல் வெட்டப் போகிறேன்.

வயர்மணி:
அளக்கும்போது பிஸ்டனை எந்த நிலையில் வைத்தீர்கள்? என் வண்டியும் இதே போல முட்டி நிற்கிறது.

வயர்மணி:
பச்சைப்புல் ஐயா, இருக்கிறீர்களா?

திருகாணி:
அவர் இனி வரமாட்டார். அழுத்த வீச்சின் (கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்) உச்சியை பிஸ்டன் தாண்டி, ஏறத்தாழ 6 மி.மீ. கீழே இறங்கிய நிலையில் அளக்க வேண்டும். உச்சியிலேயே அளந்தால் அழுத்தத்தைக் குறைக்க வால்வை இம்மியளவு தூக்கும் கேம் ஷாஃப்ட் மேடு குறுக்கிட்டு அளவு தவறாகிவிடலாம். உங்கள் எஞ்சினுக்கு எத்தனை சிலிண்டர்?