“தட்டுப்பாடு இல்லை – அமைச்சர்”: நெருக்கடிக்கு முன் நம் பத்திரிகைகள் என்ன செய்துகொண்டிருந்தன?

கேள்விக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஊடகக் கற்கை இறுதி வருட மாணவி. ஆய்வுக்காக, இலங்கையில் பொருளாதார நெருக்கடி முற்றிய 2021 ஓகஸ்ட் முதல் 2022 ஏப்ரல் வரையான தமிழ் நாளிதழ்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். முன்பக்கத் தலைப்புகளில் எத்தனையோ “இல்லை” என்று முடிகின்றன. பால்மாவுக்குத் தட்டுப்பாடு இல்லை, எரிபொருளுக்குத் தட்டுப்பாடு இல்லை, சர்வதேச நாணய நிதியத்திடம் போகத் தேவை இல்லை. அதே இதழின் உள்பக்கத்தைத் திறந்தால் காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும் சனம்.

அப்போது நான் உயர்தர வகுப்பு மாணவி. அம்மாவுக்குப் பதிலாக அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். அடுத்த கிழமை எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் வீட்டில் நம்பினோம். அந்த நம்பிக்கையை எங்களுக்குத் தந்தது யார்? பத்திரிகையாளர்களுக்கு நிலைமை தெரியாதா, தெரிந்தும் எழுதவில்லையா? அந்த நேரம் செய்தி மேசையில் இருந்தவர்கள் யாராவது சொல்ல முடியுமா?

பழைய மேசை:

நான் இருந்தேன், தங்கச்சி. கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் இரவுநேர உபஆசிரியர். பெயர் வேண்டாம்.

தெரிந்திருந்தது. எங்களுக்கு எது தெரியும் என்பதுதான் எங்களுக்கே தெரிந்திருக்கவில்லை. சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள், ஒரு சம்பவம் சொல்கிறேன்.

2021 நவம்பர் முடிவில் நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு சுமார் 1.6 பில்லியன் டொலர். 2019 முடிவில் அது 7.6 பில்லியன். டிசெம்பர் கடைசியில் மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ரால், கையிருப்பு 3.1 பில்லியனாக உயர்ந்துவிட்டது என்று டுவிட்டரில் போட்டார். அன்றிரவு மேசையில் நான். “கையிருப்பு இரட்டிப்பு – ஆளுநர்” என்று தலைப்பு வைத்தேன். எழுத்தும் அழகாகப் பொருந்தியது, இரண்டு பத்திக்குள் அடங்கியது. அதில் ஏறத்தாழ 1.5 பில்லியன் சீன மத்திய வங்கியுடனான யுவான் பரிமாற்ற ஏற்பாடு. மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதில் கைவைக்கலாம் என்ற நிபந்தனை பிறகுதான் வெளியே வந்தது. கைவைக்க முடியாத பணத்தைக் கையிருப்பு என்று நான் எழுதினேன். பொய் எழுதியதாகச் சொல்ல முடியாது. ஆளுநர் சொன்னார், போட்டேன். “என்ன காசு அது?” என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இரவு ஒன்பதரைக்கு யாரிடம் கேட்பது?

தலைப்பு எப்படிப் பிறக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் ஆய்வுக்கு உதவும். அமைச்சர் சொன்னால் அது செய்தி. நாளைக்கு அது பிழைத்தாலும் பிழை அவருடையது. மத்திய வங்கியின் அட்டவணையில் ஒரு எண் கீழே விழுந்தால், அதைச் சொல்வதற்கு வாய் இல்லை. அந்த எண்ணை நாங்களே தலைப்பாக்கினால் பொறுப்பும் எங்கள் தலையில். நீங்கள் கண்ட “இல்லை”களின் பின்னால் வருகிற சிறு கோட்டையும் (–) பெயரையும் கவனியுங்கள். முழுப் பாதுகாப்பும் அந்தச் சின்னக் கோட்டில்தான்.

அப்புறம், நீங்கள் தொடங்கிய திகதி பிந்திவிட்டது. 2019 டிசெம்பருக்குப் போங்கள். கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியாகப் பதவிக்கு வந்த கையோடு வற் எனும் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது, தேச நிர்மாண வரி போனது, சம்பளத்தில் பிடிக்கும் வரி போனது. நாங்கள் என்ன எழுதினோம்? எந்தப் பொருள் எவ்வளவு மலியும் என்று அரைப்பக்கம். அரசாங்கம் இனி எதைக் கொண்டு சம்பளம் கொடுக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. வாசகருக்குச் சந்தோஷம், எங்களுக்கும் சந்தோஷம். என் சம்பளத்திலும் பிடிப்பு நின்றது, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

2021 ஓகஸ்ட் முடிவில் அவசரகால ஒழுங்குவிதிகள் வந்தன. இராணுவ மேஜர் ஜெனரல் ஒருவரை அத்தியாவசிய சேவைகளுக்கு ஆணையாளராகப் போட்டார்கள். சீனிக் களஞ்சியங்களுக்கு அதிகாரிகள் போனார்கள், பின்னாலேயே தொலைக்காட்சிக் கமராக்களும் போயின. மூட்டை மூட்டையாகச் சீனி. “பதுக்கல்” என்ற சொல் எங்களுக்கு இனித்தது என்றே சொல்லலாம். வில்லன் கிடைத்துவிட்டார் அல்லவா? இறக்குமதிக்கான எல்.சி. (வங்கி நாணயக் கடிதம்) திறக்க வங்கியில் டொலர் இல்லை, பால்மாக் கொள்கலன்கள் துறைமுகத்தில் கிடக்கின்றன என்பதெல்லாம் வர்த்தகப் பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது. அந்தப் பக்கத்தை வாசித்தவர்கள் அதை ஏற்கெனவே அறிந்தவர்கள்.

இரசாயன உரத்தைத் தடைசெய்த கதையும் அப்படித்தான். சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலில் பக்டீரியா இருக்கிறதென்று நம் அதிகாரிகள் அதை ஏற்க மறுக்க, பணம் கொடுக்கவில்லை என்று சீனத் தூதரகம் இலங்கையின் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட, நாங்கள் அந்தக் கப்பலையே வாரக்கணக்கில் துரத்தினோம். கடைசியில் 6.7 மில்லியன் டொலர் கொடுத்துத்தான் அந்தத் தகராறை முடித்தார்கள். கப்பல் வருகிறதா போகிறதா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, பெரிய நெற்பருவமான பெரும்போகம் யூரியா இல்லாமலே தொடங்கிவிட்டது.

தொனி மாறியது எப்போது என்றால், வரிசை எங்கள் வாசலுக்கும் வந்தபோது. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் ஓர் ஆங்கில நாளிதழும் அதன் சிங்களச் சகோதர இதழும் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே கடதாசிக்காகத் தள்ளிப்போயின. மாத முடிவில் 13 மணிநேர மின்வெட்டு. அந்த இரவுதான் மிரிஹானயில் ஜனாதிபதி வீட்டு வீதியில் சனம் திரண்டது. ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்களை முடக்கினார்கள். ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. எங்கள் அலுவலகத்தில், முடக்கத்தைத் தாண்ட உதவும் வி.பி.என். என்றால் என்னவென்று தெரியாத மூத்த ஆசிரியர் ஒருவர் அன்று மத்தியானத்துக்குள் அதைக் கற்றுக்கொண்டார்.

வயல்காரன்:

அண்ணை, மேசையில் இருந்து பார்த்தால் உங்களுக்குச் சரியாகத்தான் தெரியும். கிளிநொச்சியில் எனக்கு மத்திய வங்கி அட்டவணை தேவைப்படவில்லை. உண்டியல்காரர், அதாவது வங்கிக்கு வெளியே வெளிநாட்டுக் காசு மாற்றித் தருகிறவர், என்ன விலை கொடுக்கிறார் என்பதே போதும். கனடாவிலிருந்து தம்பி அனுப்புகிற காசுக்கு வங்கி டொலருக்கு 200, 203 என்று நின்றது. உண்டியலில் அதைவிடக் கூட, மாதாமாதம் இன்னும் கூட. இடைவெளி விரிய விரிய, ரூபா எங்கோ ஓட்டையாகிவிட்டது என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோரும் உண்டியலுக்குப் போனோம். வங்கிக்கு வரவேண்டிய டொலர் அப்படியும் குறைந்தது. அதில் எங்களுக்கும் பங்கிருக்கிறது, மறைக்கவில்லை.

இன்னொன்று. “வரலாறு காணாத தட்டுப்பாடு” என்று தொலைக்காட்சியில் சொன்னபோது வீட்டில் அப்பா சிரித்தார். தொண்ணூறுகளில் போர்க்காலத்தில் அரசாங்கம் வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடை இருந்தபோது மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய மனிதர் அவர். சவர்க்காரமும் பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்த காலம். அந்த வரலாறு யாருடைய வரலாற்றில் சேர்த்தி என்று கேட்டார். உங்கள் ஆய்வில் இதற்கும் ஒரு பந்தி கொடுங்கள், தங்கச்சி.

வாசகரையும் சும்மா விடாதீர்கள். நான் பத்திரிகை எடுத்தால் முதலில் பார்ப்பது மரண அறிவித்தல் பக்கம். வர்த்தகப் பக்கம் சாப்பாடு கட்டத்தான்.

நேர்கோடு:

நடந்து முடிந்த பிறகு எல்லோரும் ஞானிகள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பும் கொவிட்டும் சுற்றுலாவை விழுத்தின, உக்ரைன் போர் எண்ணெய் விலையை ஏற்றியது. பத்திரிகை முன்பக்கத்தில் எழுதியிருந்தால் டொலர் வந்து கொட்டியிருக்குமா?

பழைய மேசை:

கொட்டியிருக்காது. ஆனால் இருந்ததை என்ன செய்வது என்று ஊரே வாதாடியிருக்கலாம். 2022 ஜனவரி 18ஆம் திகதி 500 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடனைக் கட்டினார்கள். அதைக் கட்டாமல் கடன்காரருடன் பேசுங்கள், அந்த டொலரில் மருந்தும் எரிபொருளும் வாங்குங்கள் என்று பொருளியலாளர்கள் அப்போதே பகிரங்கமாகச் சொன்னார்கள். எங்கள் இதழில் அது நாலு வரி, “கடன் உரிய நேரத்தில் செலுத்தப்பட்டது” என்று. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 12ஆம் திகதி, கடன் கட்டுவதையே நிறுத்துகிறோம் என்று நிதியமைச்சு அறிவித்தது. மே மாதம் அப்போதைய நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில் கையில் பாவிக்கக்கூடியது 50 மில்லியனும் இல்லை என்றார். உக்ரைன் யுத்தமும் கொவிட்டும் உண்மைதான். ஆனாலும் 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் கோட்டாபய, மகிந்த, பசில் என்ற ராஜபக்ஷ சகோதரர்கள், கப்ரால் உள்ளிட்டோரை நெருக்கடிக்குப் பொறுப்பாளிகள் என்றுதான் தீர்த்தது.

வயல்காரன் தம்பி சொன்ன உண்டியல் விலையை ஒரு நாளாவது முன்பக்கத்தில் போட்டிருக்கலாம். சட்டவிரோதப் பணமாற்று என்று கைவைக்கப் பயந்தோம். மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி பிடியை விட்டதும் வங்கி விலையே 300ஐத் தாண்டிப் போனது. மே வந்தபோது 360.

ஒன்றை விட்டுவிட்டேன். மே 16ஆம் திகதி ரணில் விக்ரமசிங்க பிரதமராகத் தொலைக்காட்சியில் பேசினார், கையில் ஒரு நாளுக்கான பெற்றோல்தான் இருக்கிறது என்று. அன்று மேசையில் எங்களுக்குக் கை ஓடவில்லை. “இருக்கிறது” என்று அமைச்சர் சொல்வதும் “இல்லை” என்று சனம் சொல்வதும்தான் பழக்கம். ஆள்பவரே இல்லை என்றால் தலைப்பை எப்படி வைப்பது? உண்மையைச் சொல்வதும் ஓர் அரசியல் வழிதான் என்று அன்றைக்கு விளங்கியது. அதற்குப் பிறகு எந்த விலையேற்றத்துக்கும் “நான் அன்றே சொன்னேனே” என்ற பதில் அவரிடம் தயாராக இருந்தது. அதை எழுதினீர்களா என்று கேட்காதீர்கள்.

கேள்விக்காரி:

மிகவும் நன்றி ஐயா, வயல்காரன் அண்ணாவுக்கும். தொடக்கத் திகதியை 2019 டிசெம்பருக்கு மாற்றுகிறேன். உண்டியல் விலை பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம் போலிருக்கிறது. அந்த “கையிருப்பு இரட்டிப்பு” பக்கம் உங்களிடம் இருக்கிறதா?

பழைய மேசை:

இல்லை. வேலையை விட்டு வரும்போது எதையும் எடுத்துவரவில்லை. நூலகக் கோப்பில் 2021 டிசெம்பர் கடைசி நாட்களைப் பாருங்கள், முன்பக்கம், வலப்பக்கம் கீழே. உபஆசிரியர் பெயர் போடுவதில்லை, அதனால் என் பெயரைத் தேடாதீர்கள். கிடைத்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.