புதுப்பிப்பு: தானாக ரீஸ்டார்ட் ஆன டெஸ்க்டாப் – கோளாறு யூபிஎஸ் பேட்டரியில்

வீட்டு டெஸ்க்டாப் தினமும் நாலைந்து தடவை தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ரேமைக் கழற்றி ரப்பரால் துடைத்தேன், பிராசஸருக்குப் புது தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) வைத்தேன், பலனில்லை. விண்டோஸ் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பிழைப் பதிவு மட்டுமே. ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத்தான் அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

"யூபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. இரண்டு நாள் ஒரு ரீஸ்டார்ட்கூட இல்லை. யூபிஎஸ்ஸைத் திறந்தால், நாலு வருடப் பழைய 12 வோல்ட் பேட்டரி உப்பிக் கிடந்தது. மாற்றியதும் சரியாகிவிட்டது.

எதிர்பாராத விஷயம், ஃப்ரிட்ஜ். கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் இறங்க, யூபிஎஸ் பேட்டரிக்கு மாற, அது தாங்காமல் படுத்திருக்கிறது. நான் பாவம் எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை) திட்டிக்கொண்டிருந்தேன்.