மனு "கொடுத்தோம்": ஆங்கிலத்தில் கிவ்வா, சப்மிட்டா, ஃபைலா?

கேள்வி (ஊர்க்குரல்):
திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பேருந்து நிறுத்தம் கேட்டு கலெக்டரிடம் மனு கொடுத்தோம். இதை ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுதணும். 'கேவ் எ பெட்டிஷன்' என்றுதான் வருது. 'ஃபைல்டு' போடலாமா?

செய்திமேசை:
'கேவ்' புரியும், ஆனால் பத்திரிகை நடை 'சப்மிட்டட் எ பெட்டிஷன் டு தி கலெக்டர்'. திரளாகப் போய் நேரில் கொடுத்தால் 'ப்ரெசென்டட்' இன்னும் பொருத்தம். 'ஃபைல்டு' வேண்டாம், படிப்பவர் கோர்ட் வழக்கு என்று நினைப்பார்.

பலரும் சறுக்குவது பெட்டிஷனையே வினையாக்கும்போது. அங்கே 'டு' வராது: 'வி பெட்டிஷன்டு தி கலெக்டர் ஃபார் எ பஸ் ஸ்டாப்'. 'ரெக்வெஸ்டிங் ஃபார்' என்பதும் தப்பு, 'ஃபார்' இல்லாமல் எழுதுங்க. நம்மூர் பேப்பர்களில் 'எ பெட்டிஷன் சீக்கிங் எ பஸ் ஸ்டாப்' என்பதுதான் அதிகம்.

கோர்ட்வராண்டா:
நாளைக்கே ஹைகோர்ட் போனால் 'ஃபைல்டு எ ரிட் பெட்டிஷன்' (அரசியலமைப்பின் 226வது பிரிவு). அப்போது கலெக்டரிடம் கொடுத்த மனுவுக்குப் பெயர் 'ரெப்ரசென்டேஷன்' ஆகிவிடும். இரண்டையும் பெட்டிஷன் என்றே எழுதினால் எது எதுவென்று தெரியாது.

'அட்மிட்டட்' என்றால் விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவே. அதை வெற்றி என்று போஸ்டர் அடிப்பவர்கள் உண்டு! ஜெயித்தால் 'அலவ்ட்', தள்ளுபடி 'டிஸ்மிஸ்டு'. 'ரெப்ரசென்டேஷனை இத்தனை வாரத்தில் பரிசீலியுங்கள்' என்று உத்தரவிட்டு முடித்துவைத்தால் 'டிஸ்போஸ்ட் ஆஃப்'. அதைத் தள்ளுபடி என்று மொழிபெயர்க்காதீர்கள்.

ஊர்க்குரல்:
நன்றி. கையெழுத்து வாங்கினதை எப்படி எழுதுறது? 'புட் சைன்' சரியா?

செய்திமேசை:
இல்லை. 'சைன்டு தி பெட்டிஷன்'. வாங்கியவர்கள் 'கலெக்டட்' அல்லது 'கேதர்டு சிக்னேச்சர்ஸ்'. தொடங்கியது 'ஸ்டார்ட்டட்' அல்லது 'லாஞ்ச்டு'.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மனுத் தளத்தைப் பாருங்க, இந்தச் சொற்களெல்லாம் புழக்கத்திலேயே கிடைக்கும். மனு போடுபவருக்கு முதலில் 5 ஆதரவாளர்கள் வேண்டும். விதிக்குப் பொருந்தாவிட்டால் 'ரிஜெக்டட்'. பொருந்தினால் 6 மாதம் 'ஓப்பன்'. 10,000 கையெழுத்துக்கு அரசு பதில் தரும், 1,00,000 தொட்டால் 'கன்சிடர்ட் ஃபார் டிபேட்'. விவாதம் உறுதி என்று அதற்கு அர்த்தமில்லை, செய்தி எழுதும்போது அந்த 'கன்சிடர்ட்' விட்டுப்போகக் கூடாது.