இயர் 10 முதல் பருவம்: உங்கள் வீட்டில் எப்படிப் போனது?

ரெடிங் அம்மா

வணக்கம். என் மகள் போன செப்டம்பரில் இயர் 10க்குப் போனாள். இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் பொதுத்தேர்வான ஜிசிஎஸ்இக்கான பாடங்கள் ஆரம்பித்த முதல் நாலைந்து மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். அடுத்த செப்டம்பரில் பிள்ளைகளை அனுப்பப் போகிறவர்களுக்கு ஏதாவது பயன்படலாம். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

நான் படித்தது திருச்சிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில், தமிழ் வழியில். பத்தாம் வகுப்பு என்றால் எனக்குத் தெரிந்தது ஐந்து பாடம், ஐநூறு மதிப்பெண், ஒரு வருஷப் படிப்பு. இங்கே இரண்டு வருஷம் படித்து, இயர் 11 முடியும்போது மே, ஜூனில் மொத்தமாக எழுத வேண்டும். என் மகளுக்கு ஒன்பது பாடம்: ஆங்கிலம் இரண்டு, கணக்கு, அறிவியல் மூன்று, வரலாறு, ஸ்பானிஷ், ஓவியம். தாள்களை எண்ணிப் பார்த்தால் இருபதுக்கு வருகிறது. மதிப்பெண்ணும் நூற்றுக்கு இத்தனை என்று இல்லை. 9 உச்சம், 1 அடி. 4 வாங்கினால் பாஸ், 5 வாங்கினால் நல்ல பாஸ். ஊரில் என் அப்பாவுக்கு இதைப் புரியவைக்கவே ஒரு வாரம் ஆனது.

அக்டோபரில் முதல் வேதியியல் டெஸ்ட். கிரேடு 3.

அன்றைக்கு நான் பேசியதை இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது. அண்ணன் மகன் 480 வாங்கியதைச் சொன்னேன். நான் தெரு விளக்கில் படித்ததைச் சொன்னேன். டியூஷனுக்கு மாதம் எவ்வளவு போகிறது என்றும் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போய்த்தான் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க இறங்கி வந்தாள். "மார்க்கை விடு கண்ணு, பேப்பரை மட்டும் காட்டுறியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நின்றவள், மேலே போய் எடுத்து வந்து மேஜையில் வைத்தாள்.

அதில் ஒரு நான்கு மார்க் கேள்வி. திட நிலையில் உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, உருக்கினால் கடத்தும், ஏன்? இவள் அரைப் பக்கம் எழுதியிருந்தாள். 'உருகும்போது எலக்ட்ரான்கள் நகரும்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள். ஆசிரியர் சிவப்பில் ஒரு சின்ன சுழி மட்டும் போட்டிருந்தார், பூஜ்யம். "இவ்வளவு எழுதியிருக்கேன், ஒரு மார்க்கூட இல்லம்மா" என்றாள். அப்போதுதான் அழுகை வந்தது அவளுக்கு.

நான் அடுப்புப் பக்கத்தில் இருந்த உப்பு ஜாடியை எடுத்து மேஜையில் வைத்தேன். "இதுக்குள்ள எலக்ட்ரான் ஓடாது பாப்பா. அயனிதான். கட்டியா இருக்கும்போது அது அது இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கும். உருக்கினா அவிழ்ந்து நகரும், அதோட மின்சாரமும் போகும்" என்றேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் மனப்பாடம் செய்தது, வாயிலிருந்து அப்படியே வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அயனின்னா... அயான்ஸா? உனக்கு இது தெரியுமா?" என்றாள்.

தமிழ் வழியில் படித்த நான் இவளுடைய பாடத்தில் எதற்கும் உதவ மாட்டேன் என்று இத்தனை வருஷம் நானும் நினைத்திருந்தேன், அவளும் நினைத்திருந்தாள்.

அன்று இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தத் தாள் முழுவதையும் பார்த்தோம். பாதி இடங்களில் அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. மார்க் ஸ்கீம், அதாவது எதற்கு எத்தனை மார்க் என்று சொல்லும் விடைக்குறிப்பு, கேட்கிற அந்தச் சொல்தான் விடையில் இல்லை. பழைய வினாத்தாள்களும் மார்க் ஸ்கீமும் தேர்வு போர்டின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் முதலில் எந்த போர்டு என்று தெரிய வேண்டும். ஒரே பள்ளியில்கூட பாடத்துக்குப் பாடம் மாறும். இவளுக்கு அறிவியல் ஏக்யூஏ, கணக்கு எடெக்ஸெல். ஓசிஆர், எடுகாஸ் எடுக்கிற பள்ளிகளும் உண்டு. நான் அவசரப்பட்டு ஆகஸ்டிலேயே வாங்கி வைத்த மூன்று வழிகாட்டிப் புத்தகங்களில் இரண்டு வேறு போர்டுக்கானவை. முதல் வாரமே பிள்ளையிடம் ஒவ்வொரு பாடத்துக்கும் போர்டின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.

அதற்கப்புறம் ஞாயிறு சாயங்காலம் அரை மணி நேரம் அவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள். நான் மாணவி. கேள்வி கேட்பேன், புரியவில்லை என்றால் புரியவில்லை என்பேன். இரண்டு டியூஷனில் ஒன்றை நிறுத்திவிட்டோம். ஸ்பானிஷில் 2024 முதல் புதிய பாடத்திட்டம். ஹையர் தாளுக்கு, அதாவது கடினமான நிலைத் தாளுக்கு, 1,700 சொற்கள், பட்டியலையே கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பிரின்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறோம், தெரிந்த சொல்லை அவளே அடித்துக்கொண்டு வருகிறாள். இரவு பத்து மணிக்கு வீட்டில் எல்லோருடைய போனும் ஹால் மேஜையில்தான் சார்ஜ் ஏறும், என்னுடையதும் அவள் அப்பாவுடையதும் சேர்த்து. எங்கள் போனையும் வைத்த பிறகுதான் அவள் ஒத்துக்கொண்டாள்.

பெற்றோர் சந்திப்பு பற்றி ஒன்று. எங்கள் பள்ளியில் ஆன்லைனில் ஆசிரியருக்கு ஐந்து நிமிடம், நேரம் முடிந்ததும் திரை தானாக அணைந்துவிடும். முதல் இருவரிடம் "என்ன கிரேடு வரும்?" என்று கேட்டே நேரம் போனது. மூன்றாவது ஆங்கில ஆசிரியை. அவரிடம் "வீட்டில் நாங்கள் செய்யக்கூடியது ஒன்று சொல்லுங்கள்" என்றேன். இலக்கியத் தேர்வில் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது, மேற்கோள்கள் மனசில் இருக்க வேண்டும், அதனால் நாடகத்தை வீட்டில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், நீங்களும் ஒரு பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வாசிக்கிறோம். என் உச்சரிப்பை அவள் திருத்துகிறாள், எனக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

ஹாரோ அப்பா

அக்கா, அந்த உப்புப் போத்தல் கதையை மனிசிக்கும் வாசித்துக் காட்டினேன். நாங்கள் யாழ்ப்பாணத்தில் அயன் என்றுதான் படித்தது.

எங்கள் வீட்டில் பிரச்சினை பாடத் தெரிவில்தான் வந்தது. மகனுக்குச் சமையல் பாடம் எடுக்க விருப்பம். நான்தான் விடாப்பிடியாக நின்று கம்ப்யூட்டர் சயன்ஸ் போடச் செய்தேன். இலங்கையில் ஓ எல் சோதனைக் காலத்தில் எங்கள் அப்பா எங்களுக்குச் செய்ததை நானும் செய்திருக்கிறேன், அவ்வளவுதான். செப்டம்பர் மூன்றாம் கிழமை பாடசாலையால் வரும்போது காருக்குள் ஒரு கதையும் இல்லை. "என்னப்பு, உடம்புக்கு ஏலாதோ?" என்று கேட்டேன். "அந்த வகுப்பில் நான் மட்டும்தான் விரும்பி வராத ஆள்" என்றான். பதினாலு வயதுப் பிள்ளை. வீதியோரம் காரை நிறுத்திப்போட்டு, நான் பிழை விட்டிட்டன் என்று அவனிடம் சொன்னேன்.

அடுத்த நாள் பாடசாலைக்கு எடுத்துக் கதைத்தோம். வகுப்பில் இடம் இருந்தது, அரைப் பருவ விடுமுறைக்கு முன் மாற்றித் தந்தார்கள். தள்ளிப் போட்டிருந்தால் பாடம் தூரம் போயிருக்கும், அவர்களும் விட்டிருக்க மாட்டார்கள். மாற்ற வேண்டுமென்றால் முதல் கிழமைகளிலேயே கேளுங்கள்.

அது லேசான பாடம் என்று நினைக்க வேண்டாம். பாதிப் புள்ளி எழுத்துச் சோதனைக்கு, மற்றப் பாதி செய்முறைக்கும் அதன் அறிக்கைகளுக்கும். இயர் 11இல் மூன்று மணித்தியாலத்துக்குள் மூன்று சாப்பாடு செய்து வைக்க வேண்டும். அதற்கு இப்போதே பழகுகிறான். சனிக்கிழமைகளில் குசினி அவனுடையது. சுவரில் நேர அட்டவணை ஒட்டி, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து மா குழைக்கிறான். போன கிழமை இடியப்பமும் சொதியும் செய்தான், பாத்திரம் கழுவி முடிய பத்து நிமிடம் பிந்திவிட்டது. "அடுத்த முறை தேங்காய்ப்பாலை முதலே பிழிந்து வைக்க வேணும்" என்று கொப்பியில் எழுதினான். அவன் ஒரு பாடத்துக்குத் தானாகக் கொப்பி எடுத்து எழுதியதை நான் கண்டது அன்றைக்குத்தான்.

ஈஸ்ட்ஹாம்

என் மகன்கள் இருவருக்கும் டிஸ்லெக்ஸியா, வாசிக்கவும் எழுதவும் சிரமம். எல்லாம் தெரியும், எழுதி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். இவர்களைப் போன்ற பிள்ளைகளுக்குத் தேர்வில் 25 சதவீதம் கூடுதல் நேரம் கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் அதற்கு நாம் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, பள்ளிதான் செய்ய வேண்டும். வகுப்பிலும் சின்ன டெஸ்டுகளிலும் பிள்ளை வழக்கமாகவே கூடுதல் நேரம் எடுத்துத்தான் எழுதுகிறான் என்பதற்குப் பள்ளியிடம் ஆதாரம் வேண்டும். வெளியில் காசு கொடுத்து வாங்கிய அறிக்கை மட்டும் இருந்தால் போதாது.

இதெல்லாம் தெரியாமல் 'இயர் 11 வரட்டும், பார்க்கலாம்' என்று பெரியவனுக்கு இருந்துவிட்டோம். பள்ளியிலும் யாரும் சொல்லவில்லை. கேட்டபோது காலம் கடந்துவிட்டது. சின்னவனுக்கு இயர் 10 முதல் வாரமே சென்கோவுக்கு, அதாவது சிறப்புத் தேவைகளைக் கவனிக்கும் ஆசிரியருக்கு, மின்னஞ்சல் போட்டேன். பதில் இல்லை. இரண்டாவது போட்டேன். மூன்றாவது முறை நேரில் போய் நின்றேன். இப்போது எல்லா டெஸ்டிலும் கூடுதல் நேரம் கொடுத்துக் குறித்து வைக்கிறார்கள். தயவுசெய்து யாரும் காத்திருக்காதீர்கள், கேட்பதற்குக் கூச்சப்படவும் வேண்டாம்.

குரோய்டன் தங்கை

நான் இப்போது இயர் 12. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுதப் பழகிய தமிழ், பிழை இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

இயர் 10இல் எல்லோரும் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான், "படிச்சியா?" பள்ளியிலிருந்து வந்து ஷூ கழற்றும்போதே கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே வயிறு பிசையும். நவம்பரில் ஒரு நாள் காலையில் மூச்சு வாங்கியது, கை நடுங்கியது, பள்ளிக்குப் போக முடியவில்லை. அம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தது, ஏனென்றால் அம்மா பயந்துவிடுவார்கள். முதலில் பிள்ளைகளுக்கான உதவி எண்ணான சைல்ட்லைனுக்குத்தான் போன் செய்தேன், 0800 1111. இலவசம், போன் பில்லிலும் வராது. அவர்களோடு பேசிய பிறகுதான் என் ஃபார்ம் ட்யூட்டரிடமும் (வகுப்பாசிரியர்), அப்புறம் அம்மாவிடமும் சொன்னேன்.

அம்மா திட்டவில்லை. அன்று முதல் கேள்வியை மாற்றிக்கொண்டார்கள். "சாப்பிட என்ன வேணும்?" என்று மட்டும் கேட்பார்கள். துணி இஸ்திரி போடும்போது என் ஃப்ளாஷ் கார்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். பிரெஞ்சு தெரியாது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். எனக்கு அது மிகவும் பிடித்தது.

மில்டன் கீன்ஸ்

ஒரு சந்தேகம். மகளைக் கணக்கில் ஃபவுண்டேஷன் வகுப்பில், அதாவது எளிதான நிலையில், போட்டிருக்கிறார்கள். அதில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 5க்கு மேல் வராது என்கிறார்களே, உண்மையா?

ரெடிங் அம்மா

உண்மைதான். ஃபவுண்டேஷனில் 1 முதல் 5 வரை, ஹையரில் 4 முதல் 9 வரை, மயிரிழையில் 4 தவறினால் 3 உண்டு. எங்கள் எடெக்ஸெல் போர்டில் இரண்டிலும் மூன்று தாள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி, முதல் தாளில் கால்குலேட்டர் கிடையாது. ஆனால் இயர் 10இல் போட்ட வகுப்பே முடிவு அல்ல. எந்தத் தாள் என்று இறுதியாகப் பதிவு செய்வது இயர் 11இல்தான். எந்தப் பகுதிகளில் தேறினால் ஹையருக்கு மாற்றுவீர்கள் என்று கணக்கு ஆசிரியரிடம் நேராகவே கேளுங்கள். அதே சமயம், ஹையரில் திணறி நம்பிக்கை இழப்பதைவிட ஃபவுண்டேஷனில் நிதானமாக 5 வாங்குவது சில பிள்ளைகளுக்கு நல்லது. மகள் என்ன நினைக்கிறாள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 4க்குக் கீழே போனால் பதினாறு வயதுக்குப் பிறகும் கணக்கைத் தொடர்ந்து படிக்க வேண்டியிருக்கும், அதனால் இந்த ஒரு பாடத்தைத் தள்ளிவைக்க வேண்டாம்.

ஹாரோ அண்ணா, காரை நிறுத்திச் சொன்னீர்களே, அதைப் படித்துவிட்டு நானும் மகளிடம் போய் அந்த அக்டோபர் நாளுக்காக மன்னிப்புக் கேட்டேன். இத்தனை நாள் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "எனக்கு ஞாபகம் இருக்கும்மா" என்றாள், அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

குரோய்டன் தங்கை, உன் தமிழில் ஒரு பிழையும் இல்லை. வீட்டில் நாங்கள் கேட்கிற கேள்வியையும் இன்று முதல் மாற்றுகிறோம்.

இன்று ஞாயிறு. இந்த வாரம் மின்னாற்பகுப்பு. எதிர்மின்வாய்க்கு எது போகும், நேர்மின்வாய்க்கு எது போகும் என்று எழுதித் தயாராக வைத்திருக்கிறாளாம். ஐந்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறாள். மணி ஐந்து இருபது, நான் நோட்டை எடுத்துக்கொண்டு போகிறேன்.