மறைந்த தற்காப்பு வழக்கறிஞர் ஐயாவுடன் உங்களுக்கு நேர்ந்த அனுபவம்

துவாஸ் மேற்பார்வையாளர்:
சென்ற வாரம் சிங்கப்பூர் மண்டாயில் தகனம் செய்யப்பட்ட அரசாங்கத் தற்காப்பு வக்கீல் ஐயாவை இங்குள்ள பலரும் அறிவீர்கள் என்பதால் பெயரைச் சொல்லவில்லை. 2012இல், ஹேவ்லாக் ஸ்குவேரின் எண்கோண நீதிமன்றக் கட்டடத்துக்கு எங்கள் கம்பெனி ஊழியர் ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தேன். தங்குவிடுதிச் சண்டையில் இன்னொருவருக்குப் பல் உடைந்திருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று அவருக்கு யோசனை சொன்னவன் நான்தான். வழக்கு விவரம் தமிழில் வாசிக்கப்பட்டதும் அவர், "ஆமாங்க ஐயா, கை பட்டுருச்சு" என்றார். வேறொரு வழக்குக்காக முன்வரிசையில் காத்திருந்த ஐயா உடனே எழுந்து, அந்த மனிதரிடம் சற்று நேரம் பேச அனுமதி வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்டார். வெளியே நடைவழியில், "பட்டதா, ஓங்கினீர்களா? செய்து காட்டுங்கள்" என்றார். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தவனிடமிருந்து விடுபடக் கையை உதறியதாக அவர் காட்டினார். ஐயா தம் முகத்தையே அந்த முழங்கைக்கு நேராக வைத்துக்கொண்டு, "இப்போது மறுபடியும் செய்யுங்கள்" என்றார். பிறகு வழக்கை அவரே ஏற்று, அரசுத் தரப்புக்கு எழுதினார். சில மாதங்களில் கடும் எச்சரிக்கையோடு விட்டார்கள். ஒப்புக்கொள்ளச் சொன்னது யார் என்று ஐயா கடைசிவரை என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தோ பாயோ வாசகர்:
மேலே எழுதியவர் மன்னிக்க வேண்டும். அவர் 'அரசாங்க வக்கீல்' அல்லர். நம் ஆட்களில் பாதிப்பேருக்கு அரசாங்க வக்கீல் என்றால் எதிர்த்தரப்பில் நின்று குற்றஞ்சாட்டுபவர் என்றுதான் பொருள். சட்ட அமைச்சின்கீழ் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் இங்கே தொடங்கியதே 2022 டிசம்பரில்தான். அதற்கு முன்பு, 1985 முதல், வழக்கறிஞர் சங்கத்தின் குற்றவியல் சட்ட உதவித் திட்டத்தில் தாமாக முன்வந்த வழக்கறிஞர்கள்தாம் வசதியற்றவர்களுக்காக வாதாடினார்கள். அரசாங்கம் நேரடியாகப் பணம் ஒதுக்கியது 2015இல்தான். ஐயா அந்தத் தொண்டூழியர்களில் ஒருவர். சொந்த அலுவலக வாடகையைத் தாமே கட்டியவர். பிரபலக் குற்றவியல் வழக்கறிஞர் சுபாஸ் ஆனந்தன் 2015 ஜனவரியில் காலமானபோது எத்தனையோ பேர் எழுதினார்கள், எழுதத்தான் வேண்டும். இவரைப் பற்றி ஒரு பத்திகூட வரவில்லையே என்ற ஆதங்கத்தில் சொல்கிறேன். நான் அவரைப் பார்த்தது ஒரே முறை, மின்தூக்கியில். கையில் ஏழெட்டுக் கோப்புகள், வாயில் ஒரு கறிபஃப்.

பெயர் வேண்டாம்:
நீங்கள் எல்லாரும் அவருடைய பக்கத்தில் நின்றவர்கள். நான் எதிரே நின்றவள். 2009இல் என் தாலிச்சங்கிலியை அடுக்குமாடிப் புளோக் நடைவழியில் ஒருவன் பறித்துக்கொண்டு ஓடினான். கூண்டில் நின்றிருந்த பையன்தான் அவன் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை. ஐயா என்னைப் பொய்க்காரி என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. அன்று நடைவழியில் எத்தனை விளக்குகள் எரிந்தன, அவன் ஓடும்போது திரும்பினானா, நான் பார்த்தது முகத்தையா முதுகையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான்காவது கேள்விக்கு, "முதுகைத்தான்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அதைச் சொல்லும்வரை எனக்கே அது தெரியாது. பையன் விடுதலையானான். பல ஆண்டுகள் அந்த மனிதரைத் திட்டித் தீர்த்தேன். அந்தப் பையன்தான் பறித்தானா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவரைத் திட்டுவதை மட்டும் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

ஈசூன் தாத்தா:
தங்கையின் மகனுக்காக ஒருமுறை அவரிடம் போனேன், நன்றாகப் பார்த்தார். அது கிடக்கட்டும். சங்கிலியைப் பறிகொடுத்த சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும்: முதுகைப் பார்த்தேன் என்று நீங்கள் உண்மையைச் சொன்னதற்கு அவர்மீது எதற்கு அம்மா கோபம்? அது அவருடைய வேலை. இதைப் படிக்கும் இளையவர்களுக்கும் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்ட முதல் நாளிலேயே தலையாட்டிவிடாதீர்கள்; வழக்கறிஞரைத் தேட அவகாசம் வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்கலாம். குற்றம் சாட்டியபின் போலீசார் வாங்கும் வாக்குமூலத்தில், உங்கள் தரப்பில் சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லிவிடுங்கள். மறைத்துவைத்துப் பிறகு சொன்னால் நீதிமன்றம் அதை நம்பத் தயங்கலாம். பொதுத் தற்காப்பு அலுவலகத்தின் உதவி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், அதுவும் வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு. வெளிநாட்டு ஊழியர்கள் பழைய சட்ட உதவித் திட்டத்தைத்தான் நாட வேண்டும். மரண தண்டனை வழக்குகளுக்குத் தனித் திட்டம் உண்டு, அதில் வசதி பார்ப்பதில்லை. பிணையில் வந்தவர் சாட்சிகளைத் தேடிப்போய்ச் சமாதானம் பேசவே கூடாது. என் தங்கை மகன் அதைத்தான் செய்யப் பார்த்தான், ஐயாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பெயர் வேண்டாம்:
தாத்தா, கோபம் இல்லை என்றுதானே எழுதியிருக்கிறேன்.

ஜூரோங் வெஸ்ட்:
அறிவுரைக்கு நன்றி, தாத்தா. என் கதை சிறியது. கடையில் திருடியதாக என்மீது வழக்கு, திருடியதும் உண்மை. தீர்ப்பு நாளன்று டீ-சட்டையோடு போய் நின்றேன். ஐயா ஒன்றும் பேசாமல் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப் போய்ப் பின்பக்கத்தைத் திறந்தார். மூன்று முழுக்கைச் சட்டைகள் தேய்த்து மாட்டப்பட்டிருந்தன. அளவில் எனக்குப் பொருந்தியதில் வலது கைப் பொத்தான் இல்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அந்த இடத்தில் தாமே ஓர் ஊக்கைக் குத்திவிட்டு, "நீதிபதி கேட்டால் வாயால் பதில் சொல்லுங்கள், கையைத் தூக்காதீர்கள்" என்றார். ஆறு வாரச் சிறை. நீதிமன்றத்தில் நின்ற நேரம் முழுவதும் நான் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.