நூடிபிராங்குக்கு ஒரு சொல்: 'கடல் அட்டை' வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓடில்லாத கடல் நத்தையான நூடிபிராங்குக்கு (nudibranch) நாம் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். 'கடல் அட்டை' என்றே வைத்துவிடலாம் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார்கள். அது மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மண்டபம், ராமேசுவரம் பக்கம் கடல் அட்டை என்றால் வேறு உயிரி. அது நட்சத்திர மீனுக்கு உறவான முட்தோலி. 2001 முதல் அதைப் பிடிக்கச் சட்டப்படி தடை இருக்கிறது. கடலோடிகளின் வாயில் ஊறிய சொல்லை எடுத்து வேறொன்றுக்குச் சூட்டுவது நியாயமில்லை.

அடுத்து வந்தது 'வெற்றுச்செவுளி'. மூலச்சொல்லின் பொருளும் அதுதான், மூடாத செவுள். முதலில் எனக்கும் பிடித்திருந்தது. ஏனென்றால் இனங்காணும்போது கண் போகிற இடமே அந்தச் செவுள்தான். குரோமோடோரிஸ் வில்லானி, குரோமோடோரிஸ் லோக்கி என்ற இரண்டு நூடிபிராங்க் இனங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வெளிர்நீல உடல், அதில் கறுப்புக் கோடுகள். முதுகை மட்டும் படம் எடுத்தால் பிரித்துச் சொல்வது கடினம். பின்புறம் பூப்போல விரிந்த செவுளிலும் தலைக்கொம்புகளிலும் வெள்ளைப் புள்ளிகள் தூவியிருந்தால் அது வில்லானி. புள்ளியில்லாமல் வெறுமையாக இருந்தால் லோக்கி. படம் எடுப்பவர்கள் செவுளும் கொம்பும் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள்.

ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் ஒதுங்கிய நீல டிராகனை நினைத்துப் பார்த்தேன். கிளாகஸ் என்பது அதன் பேரினப் பெயர். அதுவும் நூடிபிராங்க்தான், ஆனால் அதற்கு அந்தச் செவுள் பூவே கிடையாது. இல்லாத உறுப்பை வைத்துப் பெயரிட்டால் படிக்கிற பிள்ளை குழம்பும்.

சரி, எல்லாவற்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? முட்டையிலிருந்து வரும் இளவுயிரிக்குக் குட்டி ஓடு உண்டு. வளர்ந்து உருமாறும்போது அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறது. கடல் முயல் என்ற இன்னொரு வகைக் கடல் நத்தைக்கோ உடலுக்குள் ஓட்டின் மிச்சம் தங்கிவிடும். இங்கே மிச்சம் எதுவும் இல்லை. ஆகவே என் முன்மொழிவு: 'ஓடுகழலி'. 'துறவி நத்தை' என்றும் யோசித்தேன். துறவி நண்டு ஏற்கெனவே இருக்கிறது. அது வேறு ஓட்டைத் தேடிப் போய்க் குடியேறுகிற ஆள், பொருள் தலைகீழாகிவிடும்.

தலையில் உள்ள இரண்டு கொம்புகள் நீரில் கரைந்த மணத்தை அறிபவை. அவற்றின் ஆங்கிலப் பெயரான rhinophore என்பதற்கு 'நாசித்தாங்கி' என்ற மொழிபெயர்ப்பு வாயில் நுழையவில்லை. 'மோப்பக்கொம்பு' போதும். நத்தைக்குக் கொம்பு என்று நாம் எப்போதும் சொல்வதுதானே.

முதுகில் வரிசையாக நீளும் சதைநீட்சிகளுக்கு 'முதுகுவிரல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகாக இருக்கிறது. ஆனால் கிளாகஸுக்கு அவை பக்கவாட்டில் கொத்துக்கொத்தாக விரிகின்றன. ஜெல்லிமீன் போன்ற பிசாலியாவைத் தின்று அதன் கொட்டும் உயிரணுக்களைச் சேமித்து வைப்பதும் அவற்றின் நுனியில்தான். 'முதுகு' என்பதை விட்டுவிட்டு 'விரலி' என்று சுருக்கலாமா? விலங்கியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.