'பீ ஜாக்கெட்': முதல் பாதி எங்கிருந்து வந்தது?

ஆங்கிலச் சொல் வரலாறு தெரிந்தவர்கள் உதவுங்கள். மாலுமிகள் போடும் கருநீலக் கம்பளிக் கோட்டுக்கு ஆங்கிலத்தில் 'பீ ஜாக்கெட்' என்று பெயர் (தமிழில் எழுதினால் சிரிப்பு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்). எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் பட்டாணி. பட்டாணிக்கும் கோட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அகராதிகளைப் புரட்டிவிட்டேன். 1720களில் ஆங்கிலத்தில் தென்படுகிறது, மூலம் டச்சு மொழியின் 'பெய்யெக்கர்' என்கிறார்கள். 'பெய்' என்றால் முரட்டுக் கம்பளித் துணி, 'யெக்கர்' ஜாக்கெட். அமெரிக்கக் கடற்படை வட்டாரத்தில் வேறு கதை: 'பைலட்' என்ற தடித்த கம்பளித் துணியின் ஆங்கில முதலெழுத்துதான் அந்தப் 'பீ'யாம். முதலெழுத்துக் கதைகள் என்றாலே எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம்தான் ஆங்கிலக் கவிஞர் சாசரில் மாட்டிக்கொண்டேன். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் எழுதிய கேன்டர்பரி கதைகளின் முன்னுரையில், ஆக்ஸ்ஃபோர்டு மாணவனின் 'கூர்ட்டபி' நைந்து கிடக்கிறது. அதுவும் டச்சுதான், குட்டைக் கோட்டு என்று பொருள். கடைசி அசை அதே 'பெய்'யின் உறவு. 15ஆம் நூற்றாண்டில் தடித்த கம்பளிக் கோட்டுக்கு 'பீ' என்றே தனிச்சொல்லும் இருந்திருக்கிறது. அதற்கப்புறம் 1720கள் வரை எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. பழைய சொல்லே தொடர்ந்ததா, டச்சு மாலுமிகளிடம் மறுபடி கடன் வாங்கியதா என்று இதனால் முடிவு செய்ய முடியவில்லை.

16, 17ஆம் நூற்றாண்டு உயில்களிலோ கப்பல் கணக்குகளிலோ இந்த 'பீ' கோட்டு என்ற பொருளில் வரும் இடம் எதையாவது யாராவது பார்த்திருக்கிறீர்களா?